அடி வாங்கியவன் கேட்கும் ஜாமீன்

அனுப்புநர்:
ரா. பென்சன், வயது 51,
த/பெ. ராபர்ட் (காலமானார்),
பேண்டேஜ் துணிக் கம்பெனித் தொழிலாளி,
இராஜபாளையம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு,
நீதிமன்ற வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

பொருள்: கொலை முயற்சி வழக்கில் 11.09.2023 அன்றே ஜாமீன் கிடைத்தும், இரத்த உறவுள்ள ஜாமீன்தாரர் இல்லை என்ற ஒரே காரணத்தால் இன்றுவரை சிறையில் இருக்கும் விசாரணைக் கைதி ரா. செல்வினை, 26.02.2026 வாய்தாவுக்கு முன்பாக வெளியே கொண்டுவர ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. ஜாமீன் உத்தரவு நகல், நாள் 11.09.2023.
2. எங்கள் தாயார் அன்னத்தாய் இறந்தபின் பெற்ற வாரிசுச் சான்றிதழ்.
3. எனக்கு வந்த பதினேழு சாட்சி அழைப்பாணைகள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மேற்படி வழக்கில் அடி வாங்கியவன் நான். புகார் கொடுத்தவன் நான். அரசுத் தரப்பின் முதல் சாட்சியும் நான். அடித்தவன் என் உடன்பிறந்த தம்பி. அவனை வெளியே விடுங்கள் என்று கேட்டு இம்மனுவை எழுதுகிறவனும் நானேதான். பெயர்கள் மாறிவிட்டனவோ என்று தாங்கள் மறுபடி மேலே பார்க்க வேண்டாம். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்து, நான்காவது முறையாக இதை எழுதுகிறேன்.

1. அடித்தது உண்மை. 14.05.2023 ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணி அளவில், எங்கள் சபையின் அசன விருந்துப் பந்தலில், குழம்பு கிண்டும் மரத் துடுப்பால் என் தம்பி செல்வின் என் தலையின் இடப்பக்கத்தில் ஓங்கி அடித்தான். பதினாறு தையல், பதினொரு நாள் ஆஸ்பத்திரி. இடது காது அன்றோடு போயிற்று. இருபத்தாறு வருடமாக நான் வெட்டி அனுப்பிய பேண்டேஜ் துணி, கடைசியில் என் தலைக்கே வந்து சேர்ந்தது. இதில் எதையும் மறைக்கவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. என் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். கோபம் வேறு, ஜாமீன் வேறு என்பது என் மண்டையில் ஏறத்தான் இவ்வளவு நாளாகிவிட்டது.

2. முதல் தகவல் அறிக்கையில் சம்பவத்துக்குக் காரணம் "முன்விரோதம்" என்று இருக்கிறது. அப்படி எதுவும் கிடையாது. காரணம் உப்பு. தாங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. ஆயிரம் நாளுக்கு மேல் ஒருவன் உள்ளே இருப்பது எதற்காக என்று எந்தத் தாளிலும் இல்லாததால், இதில் எழுதுகிறேன்.

3. ஆண்டுக்கு ஒருமுறை சபையார் எல்லாரும், பணக்காரர் ஏழை என்றில்லாமல், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதே அசனம். தொள்ளாயிரம் பேருக்குச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. குருவானவர் ஜெபம் பண்ணும்வரை அண்டாவில் இருப்பதை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது. எனவே உப்பு அளந்துதான் போடப்படும். அதைப் போடுவதும் ஒரே ஒரு ஆள்தான். போட்டு முடித்ததும் அந்த ஆள் உப்புப் படியை அடுப்புக் கல்மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். படி கவிழ்ந்திருந்தால் உப்புப் போட்டாயிற்று என்று பொருள். அதற்குமேல் யாரும் யாரையும் கேட்பதில்லை. எங்கள் அப்பா ராபர்ட் இருபத்தெட்டு ஆண்டு அந்தப் படியைப் பிடித்தவர். அவர் சாகுமுன் அதைத் தம்பி கையில் கொடுத்தார். மூத்தவன் எனக்குத் துடுப்பைக் கொடுத்தார். துடுப்புப் பிடிக்க உடம்பில் பலம் இருந்தால் போதும். உப்புப் படியை நம்பிக்கை உள்ள ஆளிடம்தான் கொடுப்பார்கள். எனக்கு அது உறுத்தாமல் இருந்தது என்று சொன்னால் அது பொய்.

4. அன்று குழம்பு வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மரியாதைக்குப் பேசாமல் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும், "கடத்தண்ணியக் கொண்டாந்து ஊத்திட்டாவளா?" என்றார். பந்தலே சிரித்தது. பெரிய அண்டாவில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. ஒரு தடவை தம்பி போட்டது. இன்னொரு தடவை நான் போட்டது. படி நிமிர்ந்தே இருந்தது, அதனால் அவன் போடவில்லை என்று நினைத்துப் போட்டேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். "நான் கவுத்துதாம்ண்ணே வச்சேன்" என்று அவன் சொன்னான். மறுபடியும் சொன்னான். யாரும் அவனை நம்பவில்லை.

5. அதற்குப் பிறகு நான் செய்தது எந்த அறிக்கையிலும் இல்லை. ஓர் இலையை விரித்துச் சோறு போட்டு, அவனைத் தரையில் உட்காரவைத்து, அந்தக் குழம்பை அகப்பையில் மொண்டு மொண்டு ஊற்றினேன். "தின்னுலே. அப்பன் பேரக் கெடுத்தேல்ல, நீயே தின்னு" என்றேன். எதிரே அவன் மனைவி ஜெயசித்ராவும், அப்போது பன்னிரண்டு வயதான அவர்கள் மகள் ஜெனிலாவும் நின்றார்கள். அவன் தின்றான். ஒரு பருக்கை விடாமல் தின்று, இலையை மடித்து, எழுந்து போய்க் கை கழுவினான். கை கழுவிவிட்டு வந்துதான் துடுப்பை எடுத்தான். அதை நேரம் எடுத்துத் திட்டமிட்ட செயல் என்று குற்றப்பத்திரிகை சொல்கிறது. அந்த நேரத்தில் அவன் என்ன தின்றுகொண்டிருந்தான் என்று அது சொல்லவில்லை. ஏனென்றால் நான் போலீஸாரிடம் சொல்லவில்லை, பார்த்தவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

6. ஆஸ்பத்திரியில் போலீஸார் வந்து கேட்டபோது, "என்னைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அடித்தான்" என்று வாக்குமூலம் கொடுத்தேன். நினைவு தப்பிய நிலையில் சொல்லவில்லை. நன்றாக யோசித்தே சொன்னேன். என் கணக்கு இதுதான்: இரண்டு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரட்டும். மூன்றாம் நாள் சபைப் பெரியவர்கள் போய்ப் பேசுவார்கள், அவன் வந்து காலில் விழுவான், நானும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு பெரிய மனதோடு மன்னித்துவிடுவேன். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி சண்டை ஸ்டேஷனுக்குப் போவதே சமாதானம் பேசுவதற்காகத்தான். அந்த வாக்கியம் எந்தப் பிரிவுக்குள் போய் உட்காரும் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பெரியவர்கள் போனபோது, "இது பேசித் தீர்க்குற கேஸ் இல்லய்யா, ஆளு ரிமாண்டுக்குப் போயாச்சு" என்று பதில் வந்தது.

7. நான்கு மாதம் கழித்து 11.09.2023 அன்று அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. நிபந்தனை: இரண்டு நபர் ஜாமீன், அவர்களில் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும். ஒரு நபர் அன்றும் தயார், இன்றும் தயார்; அவர் ஜெயசித்ராவின் அண்ணன். மற்றவருக்கு எங்கே போவது? மனைவி இரத்த உறவு ஆகமாட்டாள். மைத்துனன் ஆகமாட்டான். அப்பா, அம்மா இல்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மாவின் வாரிசுச் சான்றிதழில் இரண்டே பெயர்: பென்சன், செல்வின். அதாவது, இந்த உலகத்தில் அவனுக்கு ஜாமீன் கொடுக்கக்கூடிய நெருங்கிய இரத்தம் ஒன்றே ஒன்று. அது துடுப்படி பட்டு அன்று பந்தலில் சிந்திய இரத்தம்.

8. இந்த இடத்தில் தாங்கள் என்னைக் கேட்கவேண்டிய கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். ஜாமீன் கிடைத்த மறுநாளே ஜெயசித்ரா உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன். நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி என் மனைவி எலினாவை அனுப்பினேன். என் செருப்பு வாசலில்தான் கிடந்தது. ஜெயசித்ரா அதைப் பார்த்துவிட்டு, "அத்தான் வந்தா சொல்லுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தாள். நான் இரண்டு முறையும் இல்லை. வழக்குத் தாள்களில் அவனை "எதிரி" என்று எழுதுவார்கள். அந்த ஓர் ஆண்டு அந்தச் சொல் எனக்கு இதமாகத்தான் இருந்தது. ஆகவே அவன் சிறையில் கழித்த நாள்களில் முதல் ஓர் ஆண்டுக்கு மேல் என் கணக்கில் சேரும். சட்டத்தின் தாமதத்தைப் பற்றிப் புகார் சொல்லும்முன் அதை ஒப்புக்கொள்வதே முறை.

9. 18.11.2024 அன்று முதல் சாட்சி அழைப்பாணை வந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். வராந்தாவில் என் இடப்பக்கமாக இரண்டு போலீஸார் நடுவே ஒருவன் நடந்து போனான். தலை முழுக்க நரைத்து, சட்டை தோளில் தொங்கியது. அவனைக் கடந்து போகவிட்ட பிறகுதான் அது செல்வின் என்று எனக்கு உறைத்தது. அவனுக்கு வயது நாற்பத்து நான்கு. அன்று வழக்கு எடுக்கப்படவில்லை. மாலையில் பஸ் ஏறப் போகும்போது, அவனோடு வந்த போலீஸ்காரர்களில் ஒருவர் டீக்கடையில் என்னை நிறுத்தினார். "ஏன்யா, அந்தாளு ஒம்மகிட்ட அம்புட்டுப் பக்கத்துல வந்து 'காது எப்படிண்ணே இருக்கு'ன்னு கேட்டானே, ஒரு வார்த்த பதில் சொல்லப்படாதா?" என்றார். அவன் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அவன் கேட்டது அந்தக் காதில்தான்.

10. மறுநாளே ஜெயசித்ராவின் அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஜாமீன் கையெழுத்துப் போடப் போனேன். ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கையில் இருந்தன. தாள்களை வாங்கிப் பார்த்த எழுத்தர் என் பெயரை இரண்டு முறை படித்தார். "நீருதான அடி வாங்குனவரு?" என்று கேட்டுச் சிரித்தார். வாதியே எதிரிக்கு ஜாமீன்தாரராக இருக்க முடியாது, நாளைக்கு அவன் உங்களைக் கலைத்துவிட்டான் என்று பேச்சு வரும், என்று சொல்லித் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எழுதி இருக்க வேண்டியதில்லை என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கேட்கிறவனுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னால் உட்கார முடியவில்லை. இடம் காலியாக இருந்தும் இராஜபாளையம்வரை நின்றுகொண்டே வந்தேன்.

11. வேறு வழி தேடாமல் இல்லை. ஆலங்குளத்தில் சிமெண்ட் வேலைக்குப் போகும் எங்கள் பெரியப்பா மகன் பொன்னுராஜைக் கெஞ்சிக் கூட்டி வந்தோம். அவனும் இரத்த உறவுதான். அதற்குச் சான்று எங்கே என்று கேட்டார்கள். உயிரோடு இருக்கிற ஒருவனுக்கு இன்னொருவன் பெரியப்பா மகன் என்று எழுதித் தரும் சான்றிதழ் எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்று நாங்கள் மூன்று அலுவலகத்தில் கேட்டோம். மூன்றிலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். யாராவது செத்தால்தான் உறவு தாளில் ஏறும் போலிருக்கிறது. நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு வக்கீல் ஒரு மனு போட்டார். அது குறை சொல்லி இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாம் தடவை எண் விழுந்தது, பிறகு நீதிபதி மாறுதலில் போனார், அந்த இடம் ஐந்து மாதம் காலியாகக் கிடந்தது. இப்போது அந்த வக்கீல் போனை எடுப்பதில்லை.

12. சரி, வழக்கையாவது முடிப்பார்கள் என்று பார்த்தால், எனக்கு இதுவரை பதினேழு அழைப்பாணை வந்திருக்கிறது. பதினேழு முறையும் காலை பத்து மணிக்கு முன் போய் நின்றிருக்கிறேன். ஒரு முறைகூடக் கூண்டில் ஏறவில்லை. ஒரு நாள் டாக்டர் வரவில்லை, பயிற்சிக்குப் போயிருந்தார். ஒரு நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு. ஆடிப்பூரத் தேருக்குப் பாதுகாப்புப் போட்டதால் கைதிகளை அழைத்துவர ஆள் இல்லை என்று ஒரு நாள். துடுப்பு இல்லை என்று நான்கு நாள். ஆமாம், அடித்த துடுப்பு. அது வழக்குச் சொத்து; பாதுகாப்பில் வைத்த இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். ஆறடி நீளத் துடுப்பு எங்கே போய் ஒளியும் என்று எனக்குப் புரியவில்லை. மாலை நாலரைக்கு வெளியே வந்து அடுத்த தேதியை வாசிப்பார்கள். வேப்பமரத்தடியில் நான் உட்காரும் கல்லை இப்போது அங்கே வருகிற எல்லாருக்கும் தெரியும். நான் போகாத நாளில்கூட அதை எனக்காக விட்டுவைப்பார்கள் என்று நினைக்கிறேன். என்னைக் கேட்கச் சொல்லுங்கள், நான் சொல்லிவிடுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு திரும்புகிறேன்.

13. ஜெனிலா இப்போது பத்தாம் வகுப்பு. அடுத்த மாதம் பொதுத்தேர்வு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என் வீட்டுக்குத் தானாகவே வந்தாள். அந்தப் பந்தலுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அன்றுதான். "பெரியப்பா, நான் அப்பாவுக்கு ரத்த உறவுதான? நான் கையெழுத்துப் போட்டா விட மாட்டாவளா?" என்று கேட்டாள். பதினெட்டு வயது ஆக வேண்டும் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அதுக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல ஆகுமே" என்றாள். எலினா அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வேலை செய்யும்போது துணி கோணலாக வெட்டுப்படுகிறது என்று மேற்பார்வையாளர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார்.

14. இப்போது அவசரத்துக்கு வருகிறேன். போன வாரம் ஜெயசித்ரா சிறையில் அவனை மனு போட்டுப் பார்த்தபோது, வருகிற 26ஆம் தேதி வாய்தாவில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருக்கிறான். "கொல்லத்தான் அடிச்சேன்னு ஒத்துக்கிட்டா, இருந்த நாளக் கழிச்சு விட்டுருவாவளாம். எனக்கு இனி ஏலாது சித்ரா. வாய்தா வாய்தான்னு வண்டியில ஏறி எறங்க ஏலாது" என்றானாம். உள்ளே இருக்கும் யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிக் கழித்து விடுவார்கள் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை, பத்து வருடமும் கொடுக்கலாம், என்று நான் விசாரித்த இரண்டு பேரும் சொன்னார்கள். அவனோ கூலிக்கு லாரி ஓட்டுகிறவன். கொலை முயற்சியில் தண்டனை பெற்றவன் கையில் யார் வண்டிச் சாவியைக் கொடுப்பார்கள்? நேரில் போய் ஒப்புக்கொள்ளாதே என்று அவனிடம் சொல்லலாம் என்று கிளம்பினேன். சாட்சி போய் எதிரியைப் பார்த்தால் அவனுக்குத்தான் கேடு, இருக்கிற ஜாமீனும் ரத்தாகும் என்று தடுத்துவிட்டார்கள். ஆக, நான் சொன்ன ஒரு பொய்யை உண்மை என்று அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறான். அதை அவனிடம் சொல்ல எனக்கு மட்டும்தான் அனுமதி இல்லை.

15. பொய் என்று எழுதிவிட்டேன். அதை முழுதாகச் சொல்ல வேண்டும். அவன் என்னைக் கொல்ல அடிக்கவில்லை. கொல்ல நினைத்தவன் ஒரே அடியோடு துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, தன் சட்டையைக் கழற்றி என் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிவரை வரமாட்டான். வந்தான். அவனைக் கைது செய்ததே ஆஸ்பத்திரி வாசலில்தான். இன்னொன்று. அன்று படி கவிழ்ந்துதான் இருந்தது. நான் பார்த்தேன். அவன் வழக்கம்போல் சரியாகத்தான் கவிழ்த்து வைத்திருந்தான். இவன் கை எப்போதும் குறைத்தே போடும், அப்பாவின் அளவு இவனுக்கு வராது, என்று எனக்கு ஒரு நினைப்பு. யாரும் பார்க்காத நேரத்தில் படியை நிமிர்த்தி இன்னொரு அளவு போட்டேன். குழம்பு நன்றாக வந்தால் அது என்னால்தான் என்று எனக்கு மட்டுமாவது தெரிந்திருக்கட்டும் என்று நினைத்தேன். அது கரித்ததும், படி நிமிர்ந்திருந்தது என்று சொல்லிவிட்டேன். அதன்பின் அவனை உட்காரவைத்து, என் உப்பை அவனைத் தின்ன வைத்தேன்.

16. இதைக் கூண்டில் ஏறிச் சத்தியப் பிரமாணத்தோடு சொல்லத்தான் பதினேழு முறை போனேன். என்னைக் கூப்பிடவே இல்லை. பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக என்மீது நடவடிக்கை வந்தால் வரட்டும். அதற்கு இரத்த உறவு ஜாமீன் கேட்டால் என் தம்பி தருவான் என்று நம்புகிறேன். இரண்டு ஆண்டாக எங்கள் சபையில் அசனத்துக்குக் கறிக்குழம்பு கிடையாது. துடுப்பு வழக்கில் இருக்கிறது, உப்புப் போடுகிறவன் சிறையில் இருக்கிறான். கடையில் சொல்லிப் பொட்டலம் வாங்கிக் கொடுக்கிறோம். இந்த மே மாதம் படியை நான் பிடிக்க வேண்டும் என்று கமிட்டியார் கேட்டார்கள். முப்பது வருடமாக ஆசைப்பட்ட படி. வாங்கவில்லை. அதைத் தொடுகிற தைரியம் எனக்கு இல்லை.

17. எங்கள் கம்பெனிக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வந்த சட்டத் தன்னார்வலர் பியூலா அம்மா அவர்கள், ஜாமீன் கிடைத்து ஒரு வாரத்துக்குள் வெளியே வர முடியாத கைதியைப் பற்றித் தங்கள் அலுவலகத்துக்குத் தெரிவித்தால், நிபந்தனையை மாற்றித் தரும்படி தாங்களே நீதிமன்றத்தைக் கேட்க வழி இருக்கிறது என்று சொன்னார். செல்வினுக்கு ஜாமீன் கிடைத்து ஒரு வாரம் அல்ல, இரண்டு வருடமும் ஐந்து மாதமும் ஆகின்றன. கைதாகி இன்றோடு ஆயிரத்து இரண்டு நாள். இந்தக் கணக்கு ஜெனிலாவின் நோட்டில் இருக்கிறது.

எனவே தங்களிடம் நான் பணிந்து கேட்பவை:

அ) இரத்த உறவு என்ற நிபந்தனையை நீக்கி, ஜெயசித்ராவின் அண்ணனும் சபையார் ஒருவரும் கொடுக்கும் ஜாமீனிலோ, அல்லது அவனது சொந்தப் பிணையிலோ அவனை விடுவிக்க உடனடியாக மனுச் செய்ய வேண்டும். வெளியே இருந்தால் வழக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் நடக்கட்டும்; ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானே அவனைக் கூட்டி வருகிறேன்.

ஆ) இரத்தம்தான் வேண்டும் என்றால், என் கையெழுத்தை ஏற்கச் செய்ய வேண்டும். அடிபட்டவனே பொறுப்பு ஏற்கும்போது, அவன் வெளியே வந்தால் யாருக்கு ஆபத்து என்று நீதிமன்றம் யோசிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

இ) எது நடந்தாலும் நடக்காவிட்டாலும், 26ஆம் தேதிக்கு முன் தங்கள் வக்கீல் ஒருவர் சிறைக்குப் போய் அவனைப் பார்க்க வேண்டும். அவன் ஒப்புக்கொள்ளக்கூடாது. படி கவிழ்ந்துதான் இருந்தது என்று அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டான் என்று அவனிடம் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். இதை மட்டும் முதலில் சொல்ல வேண்டும்.

ஈ) 26ஆம் தேதி டாக்டர் வந்தாலும் வராவிட்டாலும், துடுப்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், என்னை அன்றே விசாரிக்கக் கேட்டுக்கொள்ள வேண்டும். காலை ஒன்பதரைக்கே வேப்பமரத்தடியில் இருப்பேன். என் பெயரைக் கூப்பிடுகிறவரிடம் மட்டும் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவைத்தால் உதவியாக இருக்கும்: வலது பக்கமாக வந்து கூப்பிட வேண்டும். இந்த முறையும் கேட்காமல் போய்விடக் கூடாது.

இடம்: இராஜபாளையம்
நாள்: 09.02.2026

இப்படிக்கு,
வழக்கின் முதல் சாட்சியும்
எதிரியின் அண்ணனுமான,
(ஒப்பம்) ரா. பென்சன்

இணைப்பு: பார்வையில் கண்ட மூன்று ஆவணங்களின் நகல்கள்.

நகல்: திருமதி செ. ஜெயசித்ரா, இராஜபாளையம். பத்தி 15-ஐ நேரில் சொல்ல இதுவரை எனக்கு வாய் வராததால், இதைக் கொடுக்க இன்று மாலை அவள் வீட்டு வாசலுக்கு நானே போகிறேன்.